மச்சில் தேனீ, அடுக்களைக்கு மேல் மரநாய்: ஆளை அழைப்பதா, நாமே இறங்குவதா?

கேள்வி: குன்னூர் வட்டத்தில், ஜெகதளா போகும் வழியில், அறுபது ஆண்டுப் பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு. சென்ற கோடையில் படுக்கையறைப் பக்கத்து இறவாணத்தின் இடுக்கு வழியாகத் தேனீக்கள் நுழைந்தன, இன்றுவரை போகவில்லை. பொங்கல் கழிந்ததிலிருந்து அடுக்களைக்கு மேலே இரவில் ஏதோ ஓடுகிறது, பலகையில் மூத்திரக் கறை இறங்குகிறது. மரநாய் என்கிறார்கள். பூச்சிமருந்து அடிக்கும் ஒருவர் இரண்டுக்கும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்கிறார். திருப்பூரிலிருந்து வந்திருக்கும் என் மாப்பிள்ளையோ, "இதற்கு எதற்கு அத்தை இவ்வளவு பணம், ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு கோணிப்பையும் போதும்" என்கிறார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணத்தை வீணாக்கவும் மனமில்லை, ஆபத்தை விலைக்கு வாங்கவும் மனமில்லை. தீயணைப்பு நிலையத்தை அழைக்கலாமா? மச்சில் தேன் இருந்தால் அது யாருக்குச் சேரும்?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம்.

முதல் வேலையாக அந்தப் பெட்ரோலை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். அறுபது ஆண்டு காய்ந்த பலகை, அதன்மேல் அவ்வளவு ஆண்டுத் தூசியும் ஒட்டடையும், நடுவே எந்தக் காலத்திலோ இழுத்த மின்கம்பி, இவற்றோடு தேனடையின் மெழுகும் சேர்ந்திருக்கும் இடத்துக்குத் தீயைக் கொண்டுபோவதை எந்தக் கணக்கிலும் சிக்கனம் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளையைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. கோத்தகிரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேனீ வளர்த்தும், வீடுகளிலிருந்து தேனீக்களைப் பெயர்த்தெடுத்தும் பிழைக்கிற நானே இருபத்தைந்து வயதில் இதே காரியத்தைச் செய்தவன்தான். கட்டபெட்டுப் பக்கம் என் பெரியம்மா வீட்டுப் புகைபோக்கியில் இருந்த தேனீக் கூட்டை, மூங்கில் நுனியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றி, பட்டப்பகலில் புகைக்கப் போனேன். ஈக்கள் என்னை விட்டுவிட்டன. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். முப்பதடி தூரத்தில் கட்டியிருந்த பக்கத்து வீட்டுப் பசுவால் ஓட முடியவில்லை. மறுநாள் காலை அது செத்துவிட்டது. அந்தப் பசுவின் விலையை ஏழு மாதத் தவணையில் கொடுத்துத் தீர்த்தேன். பெரியம்மா ஆள் வைத்திருந்தால் அந்நாளில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

உங்கள் கேள்வியை, ஆள் வைப்பதா நாமே செய்வதா என்று இரண்டில் ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இந்த வேலை மூன்று துண்டுகளாகப் பிரிகிறது. மேலே இருப்பது எது, எங்கே, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. அதை வெளியேற்றுவது ஒன்று. அது போன பிறகு இடத்தைத் துப்புரவாக்கி, மறுபடி எதுவும் வராதபடி அடைப்பது ஒன்று. முதலாவதும் மூன்றாவதும் வீட்டுக்காரரின் வேலை. காசு கொடுத்தாலும் உங்களைப் போல வேறு யாரும் பொறுமையாகச் செய்ய மாட்டார்கள். நடுவில் உள்ளதை மட்டும் தெரிந்தவரிடம் விட வேண்டும், அதுவும் தேனீக்கு ஒருவர், மரநாய்க்கு வேறொருவர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறவர், இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் கையில் வைத்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

தேனீயை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் மலையில் வீட்டை ஒட்டிக் காணக்கூடியவை சில வகைகளே. சுவர் வெடிப்பில் மெழுகுக் குழாய்போல வாசல் வைத்து, எறும்பளவே இருக்கும் கொசுத்தேனீ கொட்டாது. அதைத் தொடவே வேண்டாம். செடிக் கிளையில் உள்ளங்கை அகல ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயும் பெரிய தொல்லை தராது. அது பெரும்பாலும் நம் மலைக்குக் கீழே சமவெளியில்தான். இருட்டான பொந்துக்குள் பல அடைகளை வரிசையாகத் தொங்கவிடுவது அடுக்குத்தேனீ; பெட்டியில் வளர்க்கப்படுவதும் அதுவே. திறந்த வெளியில், பாறைச் சரிவிலோ உயர்ந்த மரத்திலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ, முறம் போல ஒற்றைப் பேரடையைத் தொங்கவிடுவது மலைத்தேனீ. உங்களுடையவை இடுக்கு வழியாக மச்சுக்குள் போய் ஓராண்டாகக் குடியிருப்பதால் அடுக்குத்தேனீதான் என்பதில் எனக்கு அநேகமாக ஐயமில்லை. ஆனாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். காலை ஆறரை மணிக்கு, வெளியே புல்லில் உறைபனி இருக்கும்போதே, படுக்கையறையில் நாற்காலி போட்டு ஏறி, மச்சுப் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். பலகை முழுதும் சில்லென்று இருக்கும். ஓரிடத்தில் மட்டும், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல இளஞ்சூடு தெரியும். புழு வளரும் அடையைத் தேனீக்கள் ஏறத்தாழ 35 பாகைச் சூட்டில் வைத்திருப்பதால் வரும் கதகதப்பு அது. அந்த இடத்தில் சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் காதை வைத்து, விரல் கணுவால் ஒரே ஒரு முறை தட்டுங்கள். குக்கரில் ஆவி கிளம்பும்முன் வருவதுபோல ஒரு சீறல் எழுந்து அடங்கினால் அது அடுக்குத்தேனீ. கூட்டம் முழுதும் ஒன்றாகச் சீறுவது அதன் வழக்கம். கூட்டின் நடுவைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். வருகிற ஆளுக்கு அந்த வட்டம் ஒரு மணிநேர வேலையை மிச்சப்படுத்தும்; கூலி பேசும்போது உங்களுக்கும் அது உதவும்.

மலைத்தேனீயாக இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருக்கும். அது கூட்டமாகத் துரத்தும். ஆளைத் தொடர்ந்து வந்து கொட்டும். அதே சமயம் அது ஓரிடத்தில் நிலைத்து வாழும் இனமல்ல. பூக்கும் காலத்தில் மேலே வந்து, பூ முடிந்து மழை வலுக்கும்போது தானே அடையை விட்டுக் கிளம்பிவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் கட்டியிருந்தால் வழியை மாற்றிக்கொண்டு காத்திருப்பதுதான் நல்ல வைத்தியம். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் கொட்டுப்படுவதில் ஒரு பகுதிக்கு மனிதர் காரணமே அல்லர். தேன்பருந்து அடையில் பாய்ந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு பறக்க, கோபம் கீழே நிற்பவர்மேல் இறங்குகிறது. நம் சரிவுகளில் குறும்பர்கள் பாறையில் கயிற்றேணி கட்டி இறங்கி மலைத்தேன் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அவர்கள் செய்வதை நாம் செய்ய முடியாதா" என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பாறையில், எந்த இரவில், எந்த இலையின் புகையில் என்பதை அவர்கள் தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து கற்று வருகிறார்கள். கூடலூர், முதுமலைப் பக்கத்தில் ஒரு பிரிவினரின் பெயரே ஜேனு குறும்பர், அதாவது தேன் குறும்பர். காணொளி பார்த்து அது வராது.

பூத்த காலத்தில் பேரி மரக்கிளையிலோ வேலிக்காலிலோ அடை எதுவும் இல்லாமல் பலாப்பழம் போல ஒரு தேனீத்திரள் திடீரென்று தொங்குவதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதற்கும் பணம் செலவழிக்கிறார்கள். குடிபிரிந்து வந்து, புது வீடு தேடும் இடைவெளியில் இளைப்பாறும் கூட்டம் அது. காக்க அடையும் இல்லை, புழுவும் இல்லை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருப்பதால் சாந்தமாக இருக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் ஓரிரு நாள் பொறுத்தால் தானே போய்விடும். குளவியும் கதண்டும் மட்டும் வேறு சாதி. காகிதத்தால் செய்ததுபோல் சாம்பல் நிறக் கூடு, உருண்டு திரண்டு இறவாணத்தில் தொங்கினால் அது கதண்டு. அதற்குக் கொடுக்கு முறியாது, ஒரே பூச்சி பலமுறை கொட்டும். அதில் கைவைக்காமல் 101-க்குத் தொலைபேசி செய்வதே சரி.

இப்போது மருந்து அடிப்பதைப் பற்றி. மருந்து அடித்தால் தேனீ சாகும், அதில் சந்தேகமில்லை. ஓராண்டுக் கூட்டில் பல ஆயிரம் ஈக்களும், ஏழெட்டு அடைகளும், சில கிலோ தேனும், சாகும் நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்த புழுக்களும் இருக்கும். காசு வாங்கியவர் மாலைக்குள் போய்விடுவார். மற்ற எல்லாம் உங்கள் படுக்கைக்கு மேலேயே இருக்கும். நான்காம் நாள் புழு அழுகி நாறும். விசிறிச் சூட்டைச் சீர்செய்ய ஈக்கள் இல்லாததால் வெயில் ஏறும் மதியங்களில் அடை தளர்ந்து சரிந்து, தேன் பலகை இடுக்கில் ஒழுகி, சுவரில் கோடு கோடாக இறங்கும். அந்தக் கறையின்மேல் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மீண்டும் எழும். எறும்பு வரும், மெழுகுப்பூச்சி வரும், எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும். அடுத்த பருவத்தில் பழைய மெழுகின் வாசனைக்கு வேறொரு தேனீக்கூட்டம் அதே இடுக்கைத் தேடி வரும். நம் ஊரில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. கோத்தகிரிப் பக்கம் சத்துணவுக் கூடத்து எண்ணெயையும் கோவில் விளக்கு எண்ணெயையும் தேடிக் கரடி வருவது உங்களுக்குத் தெரிந்த செய்திதான். மூன்று ஆண்டுகளுக்கு முன், மருந்தடித்துவிட்டுத் தேனடையை அப்படியே விட்டிருந்த ஒரு வீட்டுக்கு என்னை அழைத்தார்கள். பின்பக்கத் தகரக் கூரையின் ஓரம் அப்பளம்போல் மடிந்திருந்தது. பலகையில் ஐந்து கோடுகள், சுண்டுவிரல் போகும் ஆழத்தில். உள்ளே படுத்திருந்த வயதான தம்பதியர் விடியும்வரை விளக்கைப் போடவில்லையாம். அவர்கள் மருந்தடித்தவருக்குக் கொடுத்தது இரண்டாயிரம். கூரைக்குச் செலவழித்தது பதினெட்டாயிரம்.

முறையாக எடுப்பது எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால், வந்தவர் முறையாகச் செய்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மழையோ மூடுபனியோ உள்ள நாளில் கூட்டைத் திறக்கக் கூடாது. இரை தேடப் போகும் ஈக்களும் அன்று வீட்டில் இருக்கும், எல்லாமே எரிச்சலோடு இருக்கும். வெயிலுள்ள நாளில் பிற்பகல் மூன்று மணியளவில் தொடங்குவோம். புகைப்பானில் காய்ந்த தென்னை மட்டை நாரையோ சாக்குத் துணியையோ கங்காக வைத்து, வாசலில் இரண்டு மூன்று முறை மட்டும் புகை விடுவோம். புகை, அபாயம் என்று ஈக்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் வாசனையை மறைத்துவிடுகிறது. அதோடு, கூடு எரியப்போகிறது என்பதுபோல அவை தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்வதால் கொட்டும் வேகம் தணிகிறது. பிறகு, நீங்கள் வட்டமிட்ட இடத்துக்கு மேலே, முடிந்தவரை ஓட்டை நீக்கி வெளிப்பக்கமாகத் திறப்போம். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ளவற்றைப் பெட்டியின் சட்டங்களில் வாழைநாரால் கட்டுவோம். தேன் அடை தனியே பாத்திரத்துக்குப் போகும். ராணி ஈ பெட்டிக்குள் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. சிறிது நேரத்தில் மற்ற ஈக்கள் வாசலில் வாலைத் தூக்கி விசிறத் தொடங்கும், வெளியே போனவை அந்த வாசனையைப் பிடித்துப் பெட்டிக்குள் இறங்கும். பெட்டி அங்கேயே இருட்டும்வரை இருக்க வேண்டும். நான்கு மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர், இரைக்குப் போன ஈக்களை உங்கள் சன்னலில் அனாதையாக விட்டுச் செல்கிறார். எடுத்துப்போன கூட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் வைத்தாலும் பயனில்லை. பழகிய பாதையில் திரும்பி வந்துவிடும். குறைந்தது மூன்று கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், வாசலில் ராணி வெளியேறாதபடி சில நாள் தடுப்பும் வேண்டும், ஏனெனில் அடுக்குத்தேனீ புது இடம் பிடிக்காவிட்டால் மொத்தமாக ஓடிவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கூலியைக் கேட்கும்முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். இது என்ன வகைத் தேனீ என்று அவர் சொல்ல வேண்டும். எடுத்த கூட்டை எங்கே வைப்பார், அடையைச் சுரண்டித் துடைத்துக் கொடுப்பாரா, உதவிக்கு இன்னொருவர் வருகிறாரா என்பவற்றுக்கு விடை இருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பு கொட்டியபோது மூச்சு முட்டியதா என்று அவரே உங்களைக் கேட்டால் அவரை விடாதீர்கள். பார்க்காமலே தொலைபேசியில் "மருந்து அடிச்சிடலாம்மா" என்பவரை விட்டுவிடுங்கள். காசுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் தொழிலுக்கு 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. ஆனால் உரிமம் இருப்பதாலேயே அவருக்குத் தேனீ தெரியும் என்றாகிவிடாது. கரப்பானும் கரையானும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

கூலியைப் பொறுத்தவரை உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீப் பெட்டிகளைப் பெருமளவில் காலியாக்கியது. அதிலிருந்து, மனிதர் உதவியின்றிப் பொந்தில் திடமாக வாழும் கூட்டத்துக்குத் தேனீ வளர்ப்போரிடம் தனி மதிப்பு. உங்கள் மச்சில் ஓராண்டு தாக்குப்பிடித்த குடும்பத்தை, காசு கொடுத்துக் கூட வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே தேனீ வளர்ப்பவராகப் பார்த்து அழைத்தால், வண்டிச் செலவும் ஒருநாள் கூலியும் மட்டும் கேட்பார். நானாக இருந்தால், ஏணி வைத்தால் எட்டும் உயரத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்க மாட்டேன். கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அறக்கட்டளை தேனோடும் தேன் எடுக்கும் பழங்குடியினரோடும் முப்பது ஆண்டுகளாக வேலை செய்கிறது; கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறது. இந்த இரண்டு இடங்களில் விசாரித்தாலே உங்கள் பக்கத்து ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

தீயணைப்பு நிலையத்தாரை அழைக்கலாமா என்றால், உயிருக்கு ஆபத்து இருக்கும்போது அழைக்கலாம், தயங்கவே வேண்டாம். பள்ளி வாசலில் கதண்டு, அடுக்களையில் நாகம், துரத்திக் கொட்டும் மலைத்தேனீ எல்லாம் அவர்கள் வேலை. உங்களுடையது ஓராண்டாக யாரையும் கொட்டாமல் வாழும் கூட்டம். அதற்கு அவர்களை வரவழைத்தால், அவர்களிடம் இருப்பது தீப்பந்தமும் தண்ணீரும்தான், பெட்டியும் வாழைநாரும் அல்ல.

ஆள் வரும் நாளில் மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறது. கட்டிய மாடு, நாய், கோழிக் கூண்டு எல்லாவற்றையும் முந்நூறடி தள்ளிக் கொண்டுபோக வேண்டும்; என் பெரியம்மா வீட்டுக் கதையை எழுதியதற்குக் காரணம் இதுதான். அக்கம்பக்கத்தாருக்கு முதல்நாளே சொல்ல வேண்டும். சன்னல்களைச் சாத்தி, இரவில் அறை விளக்கை அணைத்து வைக்க வேண்டும், ஏனெனில் இடுக்கு வழியே உள்ளே விழும் ஈக்கள் விளக்கைத்தான் தேடும். கூடு போன மறுநாள், பலகையில் ஒட்டியிருக்கும் மெழுகைக் கரண்டியால் சுரண்டி, சுடுதண்ணீரும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டு, இடுக்கைச் சிமெண்டாலோ பலகைத் துண்டாலோ அடைக்கட்டும். காற்று போக வேண்டிய இடங்களில் கொசுவலைக் கம்பி அளவுக்கு நெருக்கமான எஃகு வலை போதும். இதற்காக ஒருவருக்குத் தனியாக ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

மரநாய்க்கு வருகிறேன். இதில் முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் விலங்குகளில் மரநாயும் ஒன்று. அந்தச் சட்டம் "வேட்டை" என்று சொல்வதில் சுடுவது மட்டுமல்ல, பொறி வைப்பதும் உயிரோடு பிடிப்பதும் விஷம் வைப்பதும் அடங்கும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கே மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். கோணிப்பை என்று மாப்பிள்ளை எளிதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கோணிப்பைக்கு இவ்வளவு கனம் உண்டு. பூச்சிமருந்துக்காரர் "பிடித்துக் காட்டில் விட்டுவிடுகிறேன்" என்றாலும் அதே சட்டம்தான். வீட்டுக்காரர் என்ற முறையில் கேள்வி உங்களிடமும் வரும். அப்படியே பிடித்துப்போனாலும், ஓட்டை திறந்திருக்கும்வரை அடுத்த மரநாய்க்கு நீங்கள் வாடகைக்கு விட்டதாகத்தான் பொருள்.

நல்ல செய்தி என்னவென்றால், மரநாயைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. பகலில் தூங்கி, இரவில் கண்டிப்பாக வெளியே போகும் விலங்கு அது. எனவே அதை வெளியேற்ற வேண்டியதில்லை, வெளியே போயிருக்கும்போது கதவைச் சாத்தினால் போதும். முதலில், அது மரநாய்தானா என்று பாருங்கள். மச்சில் ஒரே மூலையில் குவியலாக எச்சம், அதில் காப்பிக் கொட்டையோ பழ விதையோ முழுசாக இருந்தால் மரநாய். (அந்தக் கொட்டையைக் கழுவி விற்று லட்சாதிபதி ஆகலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து காதில் வாங்காதீர்கள்.) பாஸ்மதி அரிசி வேகும் வாசனை திடீரென்று அடித்தால் அதுவும் மரநாயின் அடையாளம்தான். கோவில்களில் சாத்தும் புனுகு வருவது வேறு விலங்கிலிருந்து. புனுகுப்பூனை தரையில் திரிவது, மச்சில் ஏறிக் குடியிருப்பது அதன் வழக்கமல்ல.

பிறகு வழியைக் கண்டுபிடியுங்கள். வீட்டைச் சுற்றி வந்து, கூரையில் தேங்காய் அளவுக்கு மேல் உள்ள ஒவ்வொரு திறப்பிலும் பழைய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகுங்கள். மறுநாள் காலை எந்தத் தாள் விழுந்து கிடக்கிறதோ அதுவே வாசல். அந்த வாசலுக்குக் கீழே ஒரு பலகையில் கோதுமை மாவை மெல்லிதாகத் தூவி வைத்தால், ஐந்து விரல் தடம் வெளியே போனதா உள்ளே வந்ததா என்று திசை தெரியும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கையை மறக்கக் கூடாது: குட்டி. குட்டி போட இந்த மாதம்தான் என்று எனக்குத் தெரிந்தவரை வரையறை கிடையாது. பகலில் மச்சிலிருந்து கீச்சென்ற மெல்லிய ஒலி கேட்டாலோ, தாய் இரவில் இரண்டு மூன்று முறை போய்ப்போய் வந்தாலோ குட்டி இருக்கிறது என்று கொள்ளுங்கள். அப்போது அடைத்தால், வெளியே மாட்டிக்கொண்ட தாய் உங்கள் ஓட்டைப் பெயர்க்கும், உள்ளே குட்டி செத்து நாறும். குட்டிகள் தாயோடு வெளியே உலாவத் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை குன்னூர் வனச்சரக அலுவலகத்தில் ஒரு தகவலும் சொல்லி வையுங்கள். நான் மரநாய்க்காரன் அல்லன். ஐயம் வந்தால் நானே அவர்களைத்தான் கேட்கிறேன், வந்து பார்க்க அவர்கள் காசு வாங்குவதில்லை.

குட்டி இல்லை என்று உறுதியானால், இரவு ஒன்பது மணிக்கு மேல் தடம் வெளியே போயிருப்பதைப் பார்த்துவிட்டு, அரைஅங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை வாசலில் வைத்து ஆணி அறையுங்கள். உள்ளே அடுத்த இரண்டு இரவு சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் ஒன்று மாட்டிக்கொண்டது என்று பொருள், உடனே வலையைத் திறந்துவிட வேண்டும். கூரைக்கு ஆறடிக்குள் நீளும் பேரி, கொய்யாக் கிளைகளை வெட்டிவிடுங்கள்; ஏணி போய்விட்டால் ஏறுவது குறையும். எச்சத்தைக் காய்ந்த விளக்குமாறால் பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு அள்ளுங்கள். கையில் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் கால்மணிநேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். இந்த வரிசை முழுவதிலும் கூலி ஆள் தேவைப்படுவது, ஓட்டின்மேல் ஏறும் அந்த ஒரு மணிநேரத்துக்கு மட்டுமே; பாசி பிடித்த ஓட்டில் ஏறிப் பழக்கமில்லாதவர் ஏற வேண்டாம். உங்கள் ஊர்க் கொத்தனார் போதும்.

எந்த வேலையை முதலில் செய்வது என்றால் மரநாயை முதலில், தேனீயைப் பின்பு. தேனடையைத் திறந்தபின் வாசனைக்கு மரநாயும் மோப்பம் பிடித்து வரும்.

கொட்டு வாங்கினால் என்ன செய்வது என்பதையும் எழுதாமல் விட்டால் பதில் முழுமையாகாது. தேனீயின் கொடுக்கு தோலில் நின்று, தானே நஞ்சை இறைத்துக்கொண்டிருக்கும். நகத்தாலோ அட்டையாலோ எப்படியாவது உடனே வழித்தெறிய வேண்டும், எப்படி எடுப்பது என்று யோசிக்கும் நேரமே நஞ்சு இறங்கும் நேரம். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனை கிளம்பும். அதுதான் மற்ற ஈக்களுக்கு அழைப்பு. அங்கே நின்று கையை வீசாமல் வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சு இழுப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அது மருத்துவமனையில்தான் கிடைக்கும், வீட்டு வைத்தியத்தில் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது முன்பு இப்படி வந்திருந்தால், கூடு எடுக்கும் நாளில் அவர் குன்னூரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாகத் தேனைக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பழக்கத்தில் தேனீ எடுப்பவருக்கு, தேன் வீட்டுக்காரருக்கு. பேச்சின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் இந்த ஓராண்டுக்குள் யாராவது அந்த இடுக்கில் கொசுமருந்தோ வேறு எதுவோ ஒருமுறையாவது அடித்திருந்தால், ஒரு சொட்டும் நாவில் வைக்கக் கூடாது, மெழுகோடு சேர்த்துப் புதைத்துவிட வேண்டும். மருந்து படாததென்றால், புழு இல்லாத அடைகளை மட்டும் துண்டு துண்டாக நறுக்கி, மெல்லிய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல் தானாக வடியவிடுங்கள். பிழிந்தால் மகரந்தமும் புழுச்சாறும் கலந்து இரண்டே வாரத்தில் புளிக்கும். மெழுகு மூடி போடாத அறைகளிலிருந்து வடியும் தேன் தண்ணீராக இருக்கும், அதை முதலில் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். மூடியிட்ட அடையின் தேனை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் அடுத்த பொங்கல்வரை கெடாது.